ஆறு தறிக்கு ஒரு காது

ஆஸ்பத்திரி வாசலை மிதித்துவிட்டால் எந்த நாயும் நாயாக இருப்பதில்லை. தபால்காரரின் கால்சட்டையைக் கிழித்த வீரன் எசமானின் வேட்டிக்குள் தலையை நுழைத்துக்கொள்வான். ரொட்டி என்றால் மூன்று தெரு தாண்டி ஓடி வருகிறவன், வாய்க்கு நேரே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மனிதர்களும் ஊசி என்றால் அப்படித்தானே என்று கேட்கலாம். ஆனால் மனிதர்கள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து இழுத்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்து நான் பார்த்ததில்லை.

சேத்தூர் கருத்தையாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஐம்பத்தாறு வயதுவரை அவர் எந்த நாயையும் டாக்டரிடம் கூட்டிப்போனதில்லை. தடுப்பூசியெல்லாம் ஊருக்கு முகாம் வரும்போது வேப்பமரத்தடியில் முடிந்துவிடும். அன்று அவர் போனதும் நோய் நொடிக்காக அல்ல. அவருடைய நாய்க்குக் காது கேட்கிறதா, கேட்கவில்லையா என்று தீர்ப்பு வாங்கப் போனார். தீர்ப்பு என்று ஆன பிறகு, ராஜபாளையத்தில் டாக்டர்கள் இருந்தாலும், கோர்ட்டு இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதுதான் முறை என்று முடிவாயிற்று.

கேட்கவில்லை என்று தீர்ப்பானால் நாய் அவருக்கு. கேட்கிறது என்று ஆனால் நாய் கௌதம்ராஜுக்கு.

கௌதம்ராஜ் ராஜபாளையத்தில் நாய் வளர்த்து விற்கிறவர். பஞ்சாலைக் குடும்பம், சின்ன வயதில் அப்பாவின் ஆலைக்குள்ளேயே விளையாடித் திரிந்தவர். அவர் வீட்டு நாய்கள் வெள்ளை வெளேர் என்று, மூக்கு மட்டும் ரோஜா நிறத்தில், இடுப்பு ஒடுங்கி, பார்த்தாலே ஒரு மரியாதை வருகிற மாதிரி இருக்கும். அந்த வெள்ளைக்கு ஒரு சங்கடம் உண்டு. சில குட்டிகள் செவிடாகப் பிறந்துவிடும். ஆகவே குட்டிக்கு இரண்டு மாதம் ஆனதும் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பாத குட்டிக்கு அந்த வீட்டில் சோறு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித் திரும்பாத ஒரு குட்டி, காயம்பட்ட நாய்க்குக் கட்டுப்போட பேண்டேஜ் துணி கொண்டுவந்திருந்த கருத்தையாவின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

"கூட்டிட்டுப் போம். காது கேக்காட்டி உமக்கு. என்னைக்காவது கேக்குதுன்னு தெரிஞ்சா எனக்கு" என்று கௌதம்ராஜ் நாலு பேர் முன்னால் சொன்னார். கருத்தையாவும் தலையாட்டிவிட்டார்.

தலையாட்டியது தப்பு என்பது ஒரே வாரத்தில் விளங்கியது. குட்டிக்குப் பாம்புச் செவி. அன்றைக்குத் தட்டுச் சத்தத்துக்கு ஏன் திரும்பவில்லை என்றால், வயிறு முட்டப் பால் குடித்த மயக்கமாக இருக்கும். அல்லது வெறும் தட்டுக்கு எதற்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்திருக்கும். கருத்தையா அதைப் போய்ச் சொல்லவில்லை. யாராவது நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் ஒரு தீர்மானம் வைத்துக்கொண்டார். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

அவர் ஏன் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அவருடைய வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேத்தூரில் சுந்தரபாண்டியன் என்பவருடைய தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள் ஓடுகின்றன. அதில் ஆறு தறி கருத்தையாவின் பொறுப்பு. முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றதில் அவருடைய காது போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசு போயிற்று, அடுத்து சைக்கிள் மணி, கடைசியில் பஸ் ஹாரன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன. வெளியில் யாருக்கும் தெரியாது. தறிக்கூடத்தில் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரே நிற்பவர் அதைப் படித்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தில், எதிராளியின் முகம் தெரிகிறவரை கருத்தையா யாரோடும் வழக்குப் பேசி ஜெயித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால்தான் தொல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, தறி நிற்பது. ஊடு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். சத்தத்தில் ஒரு தாளம் குறைவதைக் கொண்டே இன்ன தறி நின்றது என்று தெரிந்து ஓட வேண்டும். காது இல்லாதவன் ஒவ்வொன்றாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் துணி கெஜக்கணக்கில் குறையும். காது போனவனுக்கு ஆறு தறி கிடையாது என்பது சுந்தரபாண்டியன் போட்ட சட்டம். தவசிமுத்து அப்படித்தான் பாதிச் சம்பளத்துக்கு கேட் காவலுக்குப் போனார். லாரி ஹாரன் அடிப்பது கேட்காமல் அவர் கேட்டைத் திறப்பதில்லை என்று அங்கேயும் தினம் வசவு.

கருத்தையாவைக் காப்பாற்றியது அந்தக் குட்டிதான். மூன்றாம் தறிக்கு அடியில் படுத்து வளர்ந்தது. எந்தத் தறி நின்றாலும் எழுந்து போய் அதன் முன்னால் நின்றுகொண்டு, கழுத்தைத் திருப்பிக் கருத்தையாவைப் பார்க்கும். அவர் வந்து நூலை முடிந்து ஓட்டிவிட்டால் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவைப் போலக் கூடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் நாடா என்றே பெயர் விழுந்துவிட்டது. தெருவிலும் அதே உத்தியோகம்தான். பின்னால் யாராவது கூப்பிட்டால் நாடா திரும்பும். நாடா திரும்பினால் கருத்தையா திரும்புவார். 'என்ன காதுய்யா இந்த மனுசனுக்கு' என்று ஊர் மெச்சிக்கொண்டிருந்தது.

இப்படியே போயிருக்கும். கௌதம்ராஜின் பேர் சொன்ன கிடா நாய் போன மாதம் செத்துப்போனது. அந்த வம்சத்தில் மிச்சம் நாடா ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் சேத்தூர் பஸ் நிறுத்தத்தில் நாடாவை வீடியோ பிடித்து அவருக்கு அனுப்பியிருந்தான். அதில் டீக்கடைக்காரர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறார். பத்தடி தள்ளிப் படுத்திருந்த நாடா காதை நிமிர்த்துகிறது.

கௌதம்ராஜ் மறுநாளே காரில் வந்து இறங்கினார். சண்டை போடவில்லை, சண்டை போட்டிருந்தால் கருத்தையாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்குச் சொன்ன சொல் சொல்தானே என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜாஸ்மின் என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார், தனக்கும் பழக்கமில்லை, கருத்தையாவுக்கும் பழக்கமில்லை, அவர் பார்த்துச் சொல்லட்டும், அதற்குமேல் பேச்சு வேண்டாம் என்றார். கருத்தையா சரி என்றார்.

காரில் போகும்போது அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். பெரிய சத்தத்துக்குப் பயமில்லை. தறிக்கு அடியில் வளர்ந்த நாய்க்குத் தீபாவளி வெடியும் ஒன்றுதான், தும்மலும் ஒன்றுதான். கோயில் கொடைத் திருவிழாவில் கொட்டுக்காரர்களின் காலடியில் படுத்துத் தூங்கின பிராணி அது. சின்னச் சத்தம்தான் ஆபத்து. பொட்டலம் பிரிக்கிற சத்தம், நூல் அறுகிற சத்தம், கிசுகிசுப்பு. டாக்டரம்மா கெட்டிக்காரியாக இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளை வேண்டிக்கொண்டார். ஒரு நாயைச் செவிடு என்று சொல்லவைக்கப் பெருமாளிடம் வேண்டுதல் வைத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரி மடவார்வளாகம் என்ற பகுதியில் ஒரு மாவு மில்லை ஒட்டி இருந்தது. மில் ஓடுகிற அதிர்வு கருத்தையாவின் உள்ளங்காலில் ஏறியது. நாடாவுக்கும் அது வீடு மாதிரி இருந்திருக்க வேண்டும். கார் கதவைத் திறந்ததும் வாலை ஆட்டிக்கொண்டுதான் இறங்கியது. வாசற்படியில் மருந்து வாடை மூக்கில் ஏறியதோ இல்லையோ, நாலு காலும் நாலு தூணாகிவிட்டன.

உள்ளே காத்திருந்த சபையைப் பார்த்தால் நாடாவைக் குறைசொல்ல முடியாது. ஆட்டுக்குட்டி அளவு கனத்த ஒரு லாப்ரடார் அரிசி மூட்டையைப் போலத் தரையில் கிடந்தது. அதன் எசமானர் சங்கிலியைப் பிடித்து இழுக்க இழுக்க, தரைதான் பளபளத்ததே தவிர அது எழுந்திருக்கவில்லை. வஞ்சுளவல்லி என்ற மாமியின் பொமரேனியன், வந்திருந்த அத்தனை பேரையும் வரிசை தவறாமல் குரைத்து வைதுவிட்டு, தன் பெயரைக் கூப்பிட்டதும் மாமியின் தோளில் ஏறி, அங்கிருந்து தலையில் ஏறப் பார்த்தது. மாமி அதைச் சமாதானப்படுத்த, முதலில் தனக்கு ஊசி போடுவது போல நடிக்கும்படி கம்பவுண்டரைக் கேட்டுக்கொண்டார். அவரும் பஞ்சை வைத்து மாமியின் கையைத் துடைத்தார். அதைப் பார்த்த பொமரேனியன் மாமியை அப்படியே கைவிட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் புகுந்தது.

நாடாவின் வழி வேறு. சுவரும் சுவரும் சேர்கிற மூலையைக் கண்டுபிடித்து, அதில் முகத்தை அழுத்திக்கொண்டு, பின்புறத்தை உலகத்துக்குக் காட்டியபடி நின்றுவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். அந்த சாத்திரத்தை நாயும் படித்திருக்கிறது. முறை வந்ததும் கருத்தையா அதைத் தூக்கிக்கொண்டுதான் டாக்டரின் அறைக்குள் போனார். இறக்கிவிட்டார், அங்கேயும் அது ஒரு மூலையைத் தேடிக்கொண்டது.

அறைக்குள் நுழைந்த பிறகுதான் கருத்தையாவின் கணக்கில் ஒரு பெரிய பிசகு இருப்பது தெரிந்தது. டாக்டர் ஜாஸ்மின் மூக்கு வாய் எல்லாம் மூடி முகக்கவசம் போட்டிருந்தார். உதடே இல்லை. கண்ணும் புருவமும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி பேசினால் எதைப் படிப்பது? துணி அசைந்தது. ஏதோ கேட்கிறார் என்று தெரிந்தது.

"அதெல்லாம் நல்லா இருக்கும்மா" என்றார் கருத்தையா பொதுவாக.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. கௌதம்ராஜ் இவர் பக்கம் திரும்பி, "நாய்க்கு என்ன வயசுன்னு கேக்காவ" என்றார். அந்த உதடு தெரிந்தது. மூன்று வயது என்று பதில் போயிற்று. துணி மறுபடி அசைந்தது. கருத்தையா இந்தத் தடவை உஷாராக, சோறு, பால், ஞாயிற்றுக்கிழமை எலும்பு என்றார். கேட்டது நாயின் பெயராம். கௌதம்ராஜ், பாவம், டாக்டரையே பார்த்துப் பழக்கமில்லாதவர் என்று அவருக்காகப் பரிந்து பேசினார். டாக்டர் கருத்தையாவையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு சோதனை ஆரம்பித்தது. டாக்டர் நாடாவின் பின்னால் நின்று கைதட்டினார். நாடா மூலையைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. முகக்கவசத்துக்குள்ளேயே விசிலடித்தார். துணி உப்பியதைக் கருத்தையா பார்த்தார். நாடாவின் காது மடல் அசையவில்லை. செல்போனில் எதையோ அலறவிட்டார்; கௌதம்ராஜ் முகத்தைச் சுளித்தார். நாடா கோயில் கல்நாய் மாதிரி நின்றது. செவிடன் காதில் ஊதின சங்கு என்று கௌதம்ராஜ் முணுமுணுப்பதைக் கருத்தையா உதட்டில் படித்தார். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

அடுத்து டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார். அதே பிஸ்கட். டீக்கடையில் காட்டிக்கொடுத்த அதே மஞ்சள் காகிதம். டாக்டர் நாடாவுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, நிதானமாக, ஓரத்திலிருந்து பிரித்தார். கருத்தையாவின் காதில் ஒன்றும் விழவில்லை என்றாலும் அந்தக் காகிதம் பிரிகிற ஒவ்வொரு நொடியும் அவருக்கு முதுகுத்தண்டில் கேட்டது.

நாடா திரும்பவில்லை. பயத்தில் அதற்குப் பிஸ்கட்டும் இல்லை, பசியும் இல்லை. வால் மட்டும் வயிற்றோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. கருத்தையாவுக்கு அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல இருந்தது. குனிந்து அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். 'பயப்படாத, செத்த நேரம்தான், முடிஞ்சுபோச்சு' என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது எல்லாம் மாறியிருந்தது. கௌதம்ராஜ் சுவரோடு ஒட்டி நின்று, கீழே விழுந்த செல்போனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் லாப்ரடார் எழுந்து நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எசமானர் இழுக்க இழுக்க எழாதது தானாக எழுந்திருந்தது. கருத்தையாவின் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில், ஊசிகளையும் கத்தரிகளையும் வைக்கிற பெரிய எவர்சில்வர் தட்டு கவிழ்ந்து கிடந்தது. டாக்டர் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அவர் நாயைப் பார்க்கவில்லை. கருத்தையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌதம்ராஜுக்கு அது தெரியவில்லை. ஐந்து சோதனையிலும் நாய் தோற்ற வருத்தத்தில் இருந்தார். இதற்குமேல் வேறு பரீட்சை உண்டா என்று கேட்டிருக்கிறார். மிஷினில் பார்ப்பதென்றால் மெட்ராஸ் பக்கம் போக வேண்டும் என்றும், பயந்த நாய்க்கு எதுவும் காதில் ஏறாது என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். வேண்டாம், பேசின பேச்சு பேச்சுதான், எழுதிக் கொடுங்கள் என்று கௌதம்ராஜ் சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்வரை வந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது, பால்கோவா வாங்கிவருகிறேன் என்று கருத்தையாவிடமும் முகம் காட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தோற்றாலும் ஜெயித்தாலும் அந்த ஊருக்கு வந்தவர்களுக்கு அந்த ஒரு கடமை இருக்கிறது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கருத்தையா நினைத்தார். டாக்டர் பேனாவை எடுத்தார்.

அப்போது கரண்ட் போயிற்று.

மின்விசிறி சுழன்று சுழன்று தளர்ந்தது. உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்த மாவு மில்லின் அதிர்வு சட்டென்று அறுந்தது. கருத்தையா மூலையைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் போட்டால் நாடா திரும்பாது. சத்தம் நின்றால்தான் அதற்கு வேலை.

மூலையிலிருந்து முகம் வெளியே வந்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. இவ்வளவு நேரம் மரக்கட்டையாய் நின்ற நாய் ஒரு குலுக்குக் குலுக்கி உடம்பை உதறிக்கொண்டு, டாக்டரம்மாவைச் சட்டை செய்யாமல், கடமை அழைக்கிறது என்பதுபோல அறையைச் சுற்றி வந்தது. விசிறியை அண்ணாந்து பார்த்தது; அது எட்டாது. மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்கு நேராகப் போய் நின்றது. கழுத்தைத் திருப்பிக் கருத்தையாவைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது.

பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஆளைக் கொன்றுவிடும். கருத்தையா யோசிக்கவே இல்லை.

"நின்னுபோச்சும்மா, பாருங்க" என்றார்.

டாக்டர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட வேண்டிய ஃபிரிட்ஜ் அது. ஓடவில்லை. உள்ளே அந்த மாதம் முழுவதற்குமான தடுப்பூசி இருந்தது. அவர் ஓடிப்போய் இன்வெர்ட்டரின் விசையைத் தட்டிவிட்டு வந்தார். ஃபிரிட்ஜ் ஒரு நடுக்கத்தோடு ஓட ஆரம்பித்ததும், நாடா வேலை முடிந்தது என்று திரும்பிவந்து கருத்தையாவின் காலடியில் படுத்துக்கொண்டது. அடுத்த கணமே தான் எங்கே இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து, எழுந்து பழைய மூலைக்கே போயிற்று.

டாக்டர் நாற்காலியை இழுத்துக் கருத்தையாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினார். முப்பது வயதுகூட இராது. முன்பல்லில் சின்ன இடைவெளி.

"ஐயா, உங்களுக்கு எப்ப இருந்து கேக்கல?"

நேருக்கு நேர் வந்துவிட்டது கேள்வி. நாயைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று மூன்று வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவரிடம், அவரைப் பற்றியே கேட்டுவிட்டார்கள். கருத்தையாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழெட்டு வருசமாக் கொறஞ்சு, இப்ப மூணு வருசமா சுத்தமா இல்லம்மா" என்றார். அப்புறம் ஆறு தறியையும், தவசிமுத்துவையும், தறிக்கு முன்னால் போய் நிற்கிற நாயையும் சொன்னார். வெளியில் தெரிந்தால் கேட் காவல்தான் என்றார். கேட்டுக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

டாக்டர் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கேக்கலன்னு எழுத மாட்டேன். அது பொய்" என்றார், ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரிய. "அஞ்சு சத்தத்துக்கும் திரும்பலன்னு எழுதுதேன். அது நெசம். ஃபாரத்துல சத்தத்துக்குத்தான் கட்டம் இருக்கு. சத்தம் நின்னதுக்குக் கட்டம் இல்ல."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விடவில்லை. இன்னொரு துண்டுச் சீட்டில் பெரியாஸ்பத்திரியின் காது டாக்டர் எந்தெந்த நாளில் உட்காருவார் என்று குறித்து, காது மிஷின் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும், நாய்க்கு வயசாகாதா என்று கேட்டார். அந்தக் கேள்வி கருத்தையாவுக்கு இதுவரை தோன்றவே இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கௌதம்ராஜ் பால்கோவாவோடு வந்தார். வாசலில் நின்றே சான்றிதழை இரண்டு தடவை படித்தார். வெள்ளையும் ரோஜா மூக்குமாய் நிற்கிற நாடாவை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார். அப்ப உமக்குத்தான் என்று சொல்லிவிட்டு, கார் கதவைத் திறக்கப் போனார். மனிதர் சொல் தவறாதவர் என்பது கருத்தையாவுக்குக் குத்தியது. ஆனாலும் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நாடாவுக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்த அவசரம் ஒன்று இருந்தது. படியை விட்டு இறங்கியதும் கருத்தையாவை இழுத்துக்கொண்டு எதிரே இருந்த கரண்ட் கம்பத்துக்கு ஓடியது. காலைத் தூக்கியது. வெகுநேரம் தூக்கியபடி நின்றது. கருத்தையா கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, ஊருக்குப் போனதும் அதற்கு அரைக்கிலோ எலும்பு வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தூக்கிய காலை இறக்காமலே நாடா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது.

நாடா திரும்பினால் கருத்தையா திரும்புவார். திரும்பினார். இருபதடி தள்ளிக் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பால்கோவா பொட்டலத்தை நீட்டியபடி கௌதம்ராஜ் நின்றார். ஒன்று உமக்கு என்று கூப்பிட்டிருக்கிறார். உரக்கக்கூட அல்ல, சாதாரணமாக.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கௌதம்ராஜ் நாயைப் பார்த்தார். மனிதனைப் பார்த்தார். முதலில் திரும்பியது எது, அதைப் பார்த்துத் திரும்பியது எது என்று அவர் மனசுக்குள் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. மேல்பையில் இருந்த சான்றிதழை விரலால் தொட்டார். ஒரு காகிதத்தில் மூடிவைத்ததை நாய் ஒரு திரும்பலில் கொட்டிவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று கருத்தையாவுக்குத் தெரிந்தது. கையில் இருந்த நாயின் வாரை அவரே நீட்டினார்.

கௌதம்ராஜ் கிட்டே வந்தார். வாரை வாங்கவில்லை. கருத்தையாவின் முகத்துக்கு நேரே நின்று சொன்னார்.

"செவிட்டு நாயை வாங்கி நான் என்னய்யா செய்ய? அடுத்த மாசம் என் பொட்டையைக் கூட்டிட்டு வாரேன். பொறக்குத குட்டி எனக்கு. ஏறும் வண்டியில."

கருத்தையாவின் கண்கள் வழக்கம்போல நாடாவிடம் போயின. கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, மூக்குக்கு நேரே நின்று ஒருவர் இவ்வளவு பேசியிருக்கிறார். நாடாவின் காது ஒரு நூல் அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பஞ்சாலைக்குள் வளர்ந்த மனிதர், ஆலையில் பேசுகிறமாதிரி, உதட்டை மட்டும் அசைத்துப் பேசியிருக்கிறார்.

கருத்தையா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவரும் சத்தம் வெளியே விடவில்லை.

"சரி ராஜா."

அந்த வட்டாரத்தில் எந்தச் சத்தமும் தப்பாத நாடா, தூக்கிய காலை மெல்ல இறக்கிவைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.